வீட்டில் கட்டிப்போட்ட தேசியப் பூங்கா

பொழுது விடிந்து கொய்ரெங் கதவைத் திறந்தபோது தேசியப் பூங்கா வாசலில் வந்து நின்றிருந்தது.

முழுப் பூங்காவும் இல்லை, ஒரு துண்டு. நாலு கல்யாணப் பந்தல் போடுகிற அளவு இருக்கும். லோக்தாக் ஏரியில் பூங்காவே தண்ணீர் மேல் மிதக்கிற சங்கதிதான். செத்த புல்லும் வேரும் சேறும் வருஷக்கணக்கில் பின்னிக்கொண்டு மெத்தையாகி, அதன் மேல் நாணலும் கோரையும் முளைத்து, அதற்குள்ளே சங்காய் மான்கள் நடமாடும். கொய்ரெங்கின் குடிசையும் அப்படியொரு மிதவையின் மேல்தான் நின்றது. ராத்திரி அடித்த காற்றில் பூங்காவின் ஓரம் பிய்ந்து, ஏரியைக் குறுக்கே கடந்து, நேராக அவன் வீட்டில் வந்து முட்டிக்கொண்டது. சும்மாவும் வரவில்லை. பச்சைப் பெயிண்ட் அடித்த பலகை ஒன்றும் கூடவே வந்திருந்தது: 'தேசியப் பூங்கா எல்லை. அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.' பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண்மான் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வயிறு கனத்துத் தொங்கியது.

"யாருங்க வெளியே?" என்று அடுப்படியிலிருந்து அவன் பெண்டாட்டி தாரோ கேட்டாள்.

"அரசாங்கம்" என்றான் கொய்ரெங்.

அவள் கையில் கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். "அட பாவமே, புள்ளத்தாச்சி."

மேகம் தெற்கே நகர ஆரம்பித்திருந்தது. காற்று திரும்பப் போகிறது என்று அர்த்தம். திரும்பினால் இந்தத் துண்டு அப்படியே தெற்கே போய் அணையின் வாயில் விழும். அணை வாயில் போன மிதவை எதுவும் முழுசாக வெளியே வந்ததில்லை. மான் நீந்தாதா என்றால் நீந்தும். ஆனால் இந்த வயிற்றோடு, காலைச் சுற்றுகிற இந்தப் பாசிக்குள் நீந்திக் கரை சேரும் என்று ஏரிக்காரன் எவனும் சொல்ல மாட்டான். கொய்ரெங் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. நீளமான மூங்கில் ஒன்றைப் பூங்காவின் விளிம்பில் ஊன்றி இறக்கி, கயிற்றை அதில் கட்டி, மறுமுனையைத் தன் வீட்டுத் தூணில் முடிந்தான்.

மனுஷன் மாட்டிக்கொண்டது அங்கேதான். அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. அநாதையாக மிதந்து வருகிற மிதவையில் எவன் முதலில் கம்பு ஊன்றுகிறானோ அது அவனுக்குச் சொந்தம். சண்டை கிடையாது, சாட்சி கிடையாது, கம்புதான் பேசும். ஆக, பல்கூட விளக்காத அந்தக் காலையில் கொய்ரெங் தேசத்தின் ஒரு பகுதியைச் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டான். அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. மான் அணைக்குப் போகாமல் நின்றதே என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.

தாரோவின் தம்பி இபோஹல், மிதவை வாழிடப் பாதுகாப்பு இயக்ககத்தில் காவலர். அன்றைக்கு அக்காவைப் பார்க்க ஓடம் தள்ளிக்கொண்டு வந்தவன், பலகையைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்திவிட்டான்.

"மச்சான், இதை யாராவது பாத்தாங்களா?"

"நீ பாத்துட்டே."

"நான் பாக்கலை. எனக்கு இன்னிக்கு லீவு."

"சரி, பாக்காதவன் வந்து உக்காரு. இரோம்பா மசியல் இருக்கு."

இபோஹல் உட்காரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கயித்த அவுத்து விட்டுடுங்க மச்சான்" என்றான்.

"அணைக்குப் போயிடும்டா."

"போகட்டும். அணை வேற டிபார்ட்மென்ட்."

தாரோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, மானைக் காப்பாத்தறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"பூங்காக்குள்ள இருக்கற மானைத்தான்க்கா. வெளிய வந்த மானுக்கு யாரு பொறுப்புன்னு இன்னும் முடிவாகலை."

"அது பூங்கா மேலதானேடா நிக்குது?"

இபோஹல் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. யோசித்ததும் முகம் இன்னும் வெளிறியது.

கொய்ரெங் சொன்னான்: "பக்கத்து வீட்டு மாங்கியக் கூப்பிடறேன். இன்னும் ரெண்டு மூணு பேரு. ஓடத்துல கட்டி இழுத்தா சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோய்ப் பூங்காவோட ஒட்ட வச்சிடலாம். முடிஞ்சுது கதை." அவனுக்கு அது பெரிய காரியமே இல்லை. மிதவையை இழுத்து இடம் மாற்றுவது ஏரியில் கட்டிலை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போடுகிற மாதிரி.

"அரசாங்க நிலத்தை இழுத்துட்டுப் போறதா? பூங்காவைத் திருடினதா கேஸ் ஆயிடும் மச்சான்."

"திருப்பிக் குடுக்கறேன்டா."

"திருப்பிக் குடுக்கணும்னா முதல்ல எடுத்திருக்கணும் இல்ல? எடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இப்படியாக, பார்க்காத விஷயத்தை மேலிடத்தில் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று மூவரும் முடிவு செய்தார்கள். அதைவிடக் கெட்ட முடிவை அவர்கள் வாழ்க்கையில் எடுத்ததில்லை.

இயக்ககத்தின் துணை அலுவலர் ஜோய்சந்திரா விசைப்படகில் வந்தார். நாடாவை எடுத்தார். மானை அளக்கவில்லை, மிதவையை அளக்கவில்லை. பலகையிலிருந்து கொய்ரெங்கின் வாசற்படிவரை அளந்தார். அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பூங்கா எல்லைக்கு இவ்வளவு பக்கத்துல மனுஷங்க குடியிருக்கக் கூடாது. இது ஆக்கிரமிப்பு."

"சார், நான் இங்கயேதான் சார் இருக்கேன். அதுதான் வந்துச்சு."

"பூங்கா எப்படிய்யா வரும்? சட்டப்படி அது அசையாச் சொத்து."

"ராத்திரி காத்துல அசைஞ்சு வந்துடுச்சு சார். பாருங்க, இப்பக்கூட ஆடுது."

ஜோய்சந்திரா பார்த்தார். பூங்கா ஆடத்தான் செய்தது. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆடறது தண்ணி. பூங்கா அசையலைங்கறதுதான் எங்க நிலைப்பாடு. அப்ப என்ன ஆகுது? நீங்கதான் வீட்டைத் தள்ளிக்கிட்டு பூங்காகிட்ட வந்திருக்கணும்."

"எதுக்கு சார் வரப்போறோம்?" என்றாள் தாரோ.

"அதை நீங்கதான் சொல்லணும். சரி, இந்தக் கம்பை யார் ஊன்றினது?"

"நான்தான்" என்றான் கொய்ரெங், நல்ல பெயர் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு.

ஜோய்சந்திராவுக்கும் சொந்த ஊர் ஏரிக்கரைதான். வழக்கம் அவருக்குத் தெரியும். "சட்டத்துல செல்லாத உரிமையைக் கோரியிருக்கே. ஆனா கோரியிருக்கே" என்று சொல்லிக் கொண்டு, வீட்டை அகற்றும் உத்தரவு ஒன்றைக் கொடுத்தார். மாதக் கடைசிவரை கெடு. படகில் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மனுஷக் குரலில் சொன்னார்: "இங்க பாரு கொய்ரெங். உன் வீட்டுப் பக்கத்துல பூங்கா இருக்கறதாலதான் இந்த உத்தரவு. பூங்கா இல்லைன்னா உத்தரவும் இல்லை. கயிறு தானா அவுந்துபோச்சுன்னா யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லை. எனக்கும் வேலை மிச்சம்."

"மான் செத்துப்போயிடுமே சார்."

"அதுக்கு ஒரு விசாரணைக் கமிஷன் போடுவோம்" என்றார் ஜோய்சந்திரா. ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்று முதல் கொய்ரெங்கின் வீட்டில் இந்த ஒரே பேச்சுதான். கயிற்றை அவிழ்த்தால் வீடு தப்பும், மான் போகும். கட்டி வைத்தால் மான் நிற்கும், வீடு போகும். புது வீடு கட்ட ஏரியில் இனி யாருக்கும் அனுமதி கிடையாது. அதனால் வீடு போனால் போனதுதான். மாங்கி தன் ஓடத்தில் வந்து புகையிலை மென்றுகொண்டே அறிவுரை சொன்னான்: "நீ வளக்கற மாடா அது? எந்த ஊரு மானோ. அவுத்து விடுய்யா." கொய்ரெங் ஒருநாள் மத்தியானம் கயிறுவரை போய்விட்டான். முடிச்சில் கை வைத்தான். மான் நாலடி தள்ளிப் படுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து தாரோவிடம், "முடிச்சு இறுகிப்போச்சு" என்றான்.

"நீங்க போட்ட முடிச்சு உங்களுக்கே அவுக்க வரலையா?"

"வரலை."

"நல்லதாப் போச்சு. நீங்க அவுத்திருந்தா உங்களைத்தான் அணைக்கு அனுப்பியிருப்பேன்" என்றாள் தாரோ. அதற்குமேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

இழுத்துக்கொண்டு போக அனுமதி கேட்டு கொய்ரெங் இயக்ககத்துக்கு நடையாய் நடந்தான். நிலப்பிரிவில், மிதக்கிற பொருள் எங்களுக்கு வராது, படகுப்பிரிவுக்குப் போ என்றார்கள். படகுப்பிரிவுக்காரர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிதக்கிறது, பயணம் செய்திருக்கிறது, உயிருள்ள பயணி ஒன்றை ஏற்றி வந்திருக்கிறது, எனவே இது படகுதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் உரிமம் இல்லாத படகு. உரிமம் இல்லாத படகை இழுத்துப்போக அனுமதி தர முடியாது. மறுநாள் ஒரு ஆள் வந்து, தேசியப் பூங்காவின் விளிம்பில் தகரத்தில் எண் எழுதித் தொங்கவிட்டு, 'பயணிகள் உயிர்காப்பு உடை அணிய வேண்டும்' என்ற பலகையையும் நட்டுவிட்டுப் போனான். மான் அந்தப் பலகையில் கழுத்தைச் சொறிந்துகொண்டது.

பிறகு நெடுஞ்சாலையில் பந்த் வந்தது. இதை முடிவு செய்யப் போட்ட உயர்மட்டக் குழுவின் கூட்டம் நடக்கவில்லை. பந்த் முடிந்ததும் குழுவில் இரண்டு பேருக்கு மாற்றல் வந்தது. மானுக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. வேறு இடமில்லாமல் நின்ற இடத்தையே மேய்ந்தது. மேயமேய மிதவை மெலிந்தது.

அது முதலிலேயே நோஞ்சான் மிதவைதான். பழைய காலத்தில் கோடையில் ஏரி வற்றும், மிதவை இறங்கித் தரையில் உட்காரும், வேர் சேற்றைத் தின்று தடிக்கும், மழைக்கு மறுபடி மேலே வரும். அணை வந்த பிறகு வருஷம் பூராவும் ஒரே தண்ணீர். மிதவை அந்தரத்திலேயே தொங்கிப் பட்டினி கிடக்கிறது. ஆள் நடந்தால் முன்பு மெத்தையாக அமுங்கியது, இப்போது மானின் குளம்படியிலேயே தண்ணீர் ஊறியது. தாரோ ஓடத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புல் அறுத்து வந்து மானுக்குப் போட்டாள். காட்டு விலங்குக்கு உணவளித்த குற்றத்துக்கு எச்சரிக்கை வந்தது.

"இங்க சும்மா போட்டேன். அது தின்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் அவள்.

"மான் உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கறதாலதான் தின்னுது. வீடு போயிட்டா இந்தப் பிரச்சினையே வராது" என்று எச்சரிக்கை கொண்டுவந்தவர் விளக்கினார்.

மானின் நிலைமை கவலைக்கிடம் என்று இயக்ககத்துக்கு எப்படியோ எட்டிவிட்டது. உடனே நடவடிக்கை எடுத்தார்கள். மானைப் பாதுகாக்க மூன்று காவலர்கள் மிதவை மேலேயே கூடாரம் அடித்தார்கள். கட்டில், அடுப்பு, அரிசி மூட்டை, கேரம்போர்டு. மிதவை ஒரு விரல் தாழ்ந்தது. தாழ்வதைக் கண்காணிக்க இரும்பில் ஒரு கோபுரம் வைத்தார்கள். அது இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தது. கோபுரத்தின் மேல் நின்ற காவலர் தாழ்வதை உடனுக்குடன் தெரிவித்தார். அபாயத்தைத் துல்லியமாக அறிவித்ததற்காக அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மான் மட்டும் மிதவையின் ஒரு மூலைக்கு ஒதுங்கிப்போய், நாணலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. பார்க்க வருகிறவர்களுக்கு மானே தெரியவில்லை என்று புகார் வந்தது.

அதற்கும் வழி பிறந்தது. சிமென்டில் ஒரு மான் செய்து கொண்டுவந்து மிதவையின் நடுவில் வைத்தார்கள். நிஜ மான் பெண், சிமென்ட் மான் ஆண். கொம்பில்லாமல் வைத்தால் விருந்தினர்கள் ஆடு என்பார்களாம். பீடத்தில் இயக்குநர் நீலமணியின் பெயர் பெரிய எழுத்தில், மானின் பெயர் சின்ன எழுத்தில். அதை இறக்க நாலு ஓடம் தேவைப்பட்டது. ஓடம் தள்ளக் கூப்பிட்ட ஆட்களில் கொய்ரெங்கும் ஒருவன்.

"சார், இது தாங்காது" என்றான் கொய்ரெங்.

"எது தாங்காது? நல்ல சிமென்ட்டு" என்றார் சிலை கொண்டுவந்தவர்.

திறப்பு விழா மாதக் கடைசி நாள். அன்றைக்குத்தான் கொய்ரெங்கின் கெடுவும் முடிகிறது. விழா நாளில் யாரும் வீட்டைப் பிடுங்க வரமாட்டார்கள் என்று தாரோ நம்பினாள். இயக்ககத்தில் ஒரே நாளில் இரண்டு வேலை நடந்த சரித்திரம் கிடையாது. அந்தத் தைரியத்தில் கொய்ரெங்கும் தன் ஓடத்தில் நின்று விழாவை வேடிக்கை பார்த்தான்.

மிதவை மேல் நாற்காலிகள், ஒலிபெருக்கி, பூத்தொட்டிகள், மாலைகள், கழுத்தில் வெள்ளைச் சால்வை போட்ட விருந்தினர்கள். இயக்குநர் நீலமணி பளபளக்கும் தோல் காலணியோடு மைக்கைப் பிடித்தார். நல்ல கணீர்க் குரல். ஏரி முழுக்கக் கேட்டது.

"பெரியோர்களே, இந்த மான் அருகிவரும் இனம் என்ற பெருமைக்கு உரியது. இந்தப் பெருமை இதற்குத் தானாக வந்துவிடவில்லை. நமது இயக்ககத்தின் பல ஆண்டு உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது. நான் பணியில் சேர்ந்தபோது இயக்ககத்துக்கு ஒரே ஒரு ஜீப். இன்றைக்கு வண்டி நிறுத்த இடமில்லை. ஒரு மானுக்கு எத்தனை அதிகாரிகள் என்று கணக்குப் பார்த்தால் நமக்கு ஈடு இணை கிடையாது. மான்கள் பெருகப்பெருக இந்த விகிதம் கெட்டுவிடும் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது."

கைதட்டினார்கள். மிதவை ஆடியது. நாற்காலிக் கால்களைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது.

"சிலர் கேட்கிறார்கள், கோடையில் அணைக்கதவைத் திறந்து ஏரியைக் கொஞ்சம் வற்றவிட்டால் மிதவை தானாகவே தடித்துவிடாதா என்று. தடித்துவிடும். நான் மறுக்கவில்லை. ஆனால் அது மிகவும் எளிய வழி. கதவைத் திறப்பதற்கு ஒரு ஆள் போதும். மற்றவர்கள் என்ன செய்வது? எளிய வழிக்கு நிதி ஒதுக்குவதும் கடினம். எனவே கடினமான வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இந்த மானைக் காக்க நாங்கள் எடுத்த நடவடிக்கைகளின் கனத்தை நீங்கள் இப்போது இங்கேயே உணரலாம்."

உணர்ந்தார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. விருந்தினர் ஒருவர் நாற்காலி மேல் ஏறினார். அதைப் பார்த்து எல்லோரும் எழுந்து கோபுரத்தின் பக்கம் ஒதுங்க, மிதவை ஒருபுறம் சாய்ந்தது. அந்த இழுப்பில் கயிறு பட்டென்று அறுந்தது. தெற்கே தள்ளும் காற்றுக்குக் காத்திருந்த மாதிரி, தேசியப் பூங்கா தன் அதிகாரிகளோடும் ஒலிபெருக்கியோடும் அணையைப் பார்த்து நகரத் தொடங்கியது.

விசைப்படகைக் கிளப்பினார்கள். விசிறியில் பாசி சுற்றிக்கொண்டு அது இருமி நின்றது. கொய்ரெங் ஓடத்தைப் பக்கத்தில் விட்டான். ஒற்றை மரத்து ஓடம், ஒரு ஆள் அகலம். அதைப் பார்த்த விருந்தினர்கள் தண்ணீரே மேல் என்று பின்வாங்கினார்கள்.

"இழுத்துட்டுப் போய்யா. கரைக்கு இழு" என்றார் இயக்குநர்.

"கரை தூரம் சார். பூங்காதான் பக்கம். ஆனா அரசாங்க நிலத்தை இழுக்கக் கூடாதுன்னு எனக்கு ரெண்டு பிரிவுலயும் சொல்லியிருக்காங்க."

"நான் சொல்றேன் இழு."

"எனக்கு மட்டும் சொன்னா பின்னாடி கேஸ் ஆயிடும் சார்."

நீலமணி மைக்கை வாயருகே கொண்டுபோனார். அது இன்னும் வேலை செய்தது. "இந்தப் பூங்காவை இழுத்துச் செல்ல இயக்ககம் இதனால் அனுமதி அளிக்கிறது" என்று ஏரி முழுவதும் கேட்கிற மாதிரி அறிவித்தார். இத்தனை நாளாக நடையாய் நடந்தும் கிடைக்காத அனுமதி, இயக்குநரின் காலணி நனைந்ததும் கிடைத்துவிட்டது. மாங்கி வந்தான், வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். கயிறுகள் மாட்டினார்கள்.

"முதல்ல கனத்தைக் குறைக்கணும். எதையாவது இறக்கணும்" என்றான் மாங்கி.

இயக்குநரின் உதவியாளர் சுற்றிலும் பார்த்தார். பார்வை மூலைக்குப் போனது. நாணலுக்குள் முட்டி ஆழத் தண்ணீரில் மான் நடுங்கிக்கொண்டிருந்தது. "அதை இறக்கி விட்டா என்ன? நீந்தத் தெரிஞ்சதுதானே."

கொய்ரெங்கின் காதில் அது விழுந்தது. பிறந்ததிலிருந்து அதிகாரிகளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன் அவன். "எதை இறக்கணும்? எதைய்யா இறக்கணும்?" என்று கத்திக்கொண்டே மிதவை மேல் தாவினான். சிமென்ட் மானின் மார்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

"ஏய், அது இருப்புக் கணக்குல ஏறின மான். அதைத் தள்ளினா நான் பதில் சொல்லணும்" என்று உதவியாளர் அலறினார்.

"இதுக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று மூலையைக் காட்டினான் கொய்ரெங். மாங்கியும் ஏறி வந்து ஒரு கை கொடுத்தான். சிமென்ட் மான் கொம்பு முன்னால் போக, பீடமும் பெயரும் பின்னால் போக, ஏரிக்குள் இறங்கியது. மிதவை ஒரு சாண் மேலே வந்தது. அடுத்து கோபுரம் போனது.

இழுத்தார்கள். மூங்கிலால் தள்ளினார்கள், கயிறு தோளை அறுக்க இழுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பூங்காவின் துண்டு பூங்காவோடு போய் முட்டியது. மான் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தது. அமுங்கவில்லை. இன்னொரு கால். பிறகு அந்தக் கனத்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாணலுக்குள் போய் மறைந்தது. கொய்ரெங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டான்.

இயக்குநர் நீலமணி ஈரக் காலணியோடு கெட்டியான மிதவையில் இறங்கி நின்றார். மூச்சு வந்ததும் மைக்கைக் கேட்டார். வழிதவறிய மானை உரிய இடத்தில் சேர்க்கும் இயக்ககத்தின் திட்டம் குறித்த நாளில், குறித்தபடி நிறைவேறியது என்று அறிவித்தார். தன் கழுத்திலிருந்த சால்வையை எடுத்துக் கொய்ரெங்கின் தோளில் போட்டார். யாரோ படம் எடுத்தார்கள்.

சால்வையோடு கொய்ரெங் வீட்டுக்கு ஓடம் தள்ளினான். தாரோவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. கூரை கழற்றி ஒரு பக்கம், மூங்கில்கள் தண்ணீரில் ஒரு பக்கம். தாரோ தன் ஓடத்தில் அடுப்பை வைத்து, சுற்றிலும் சட்டி பானைகளோடு உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். துணை அலுவலர் ஜோய்சந்திரா வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். கடைசிக் காவலனாக இபோஹல் மட்டும் மிதவையின் ஓரத்தில் நின்றான். கையில் கடப்பாரை.

"பூங்காதான் போயிடுச்சேடா" என்றான் கொய்ரெங். "பக்கத்துல பூங்கா இல்லைன்னா உத்தரவு இல்லைன்னு அவரே சொன்னாரே."

இபோஹல் தலையைத் தூக்கவில்லை. "நானும் சொன்னேன் மச்சான். பூங்கா எங்க இருக்குன்னு பாக்கறது வேற பிரிவாம். எங்க பிரிவுக்கு வீடு எங்க இருக்குங்கறது மட்டும்தான். தேதி இன்னிக்கு. இன்னிக்கு ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம்னு சார் சந்தோஷப்பட்டாரு."

கொய்ரெங் ஓடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சால்வை நழுவித் தண்ணீரில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மான் போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டாள் தாரோ.

"சேந்துடுச்சு."

"திரும்பிப் பாத்துச்சா?"

"இல்லை."

"விவரமான மான்" என்றாள். மூன்று தட்டில் சோறு போட்டாள், இரோம்பா வைத்தாள். ஒன்றைப் புருஷனிடம் நீட்டினாள். இன்னொன்றைத் தம்பியிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்க்கா."

"இவ்வளவு நேரம் கடப்பாரை புடிச்சிருக்கே. சாப்பிடு."

அவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை வாங்கினான். வாங்கினானே தவிர, கை சோற்றுக்குப் போகவில்லை.

"சாப்பிட்டுட்டு ஆபீஸ் போ" என்றாள் தாரோ. "ஏன் லேட்டுன்னு உங்க சார் கேப்பாரு. அக்கா வீட்டுல சாப்பிட்டேன்னு சொல்லு. எந்த வீடுன்னு கேட்டா, அதுக்கும் நீயே பதில் சொல்லு."